குதிங்கால்

பெஞ்சின் முன்பக்கத்தைப் பிடித்திருந்தவன் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டான். அப்போதுதான் வாசலில் நின்ற பெரியவர் கடற்கரை கையைக் காட்டினார்.

"உள்ள வேண்டாம்லே. வெளியவே போடுங்க."

ஹாலில் காளீஸ்வரி சோபாவைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். புருஷனைக் கிடத்த இடம் வேண்டும் என்று விடிந்ததிலிருந்து அவளுக்கு இதே வேலைதான். டிவி ஸ்டாண்டை இழுத்தாயிற்று, டீப்பாய் மாடிக்குப் போயாயிற்று, தரையையும் அவளே துடைத்தாள். நீங்க போய் உட்காருங்கக்கா என்று சொல்லிப் பார்த்த பெண்களை அவள் விலக்கிவிட்டாள். மின்விசிறியைச் சுழலவிட்டு, காற்று சரியாக நடுவில் விழுகிறதா என்று கையை நீட்டிப் பார்த்தாள். பெஞ்சு வந்த வழியே திரும்பிப் போவதைக் கண்டதும் நீட்டிய கையை மடக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

அவள் புருஷன் ராஜமணி இறந்தது தாய்லாந்தில். கோவில்பட்டி பஜாரில் பைப்பும் மோட்டாரும் விற்கிற மனிதருக்குத் தாய்லாந்தில் போய்ச் சாவதற்கு என்ன இருக்கிறது என்று ஊர் கேட்டது. நியாயமான கேள்விதான். நன்றாக விற்றுக்கொடுத்த டீலர்களை பைப் கம்பெனிக்காரன் வருஷாவருஷம் ஆடி மாதம் எங்காவது கூட்டிக்கொண்டு போவான். ஆடியில் வியாபாரம் படுத்துவிடும். கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டுவதற்கு ஊட்டியோ கோவாவோ தேவலை என்று எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். ராஜமணி மட்டும் ஒரு தடவையும் போனதில்லை. இந்த வருஷம் கடல் தாண்டிப் பட்டாயாவுக்கு என்றதும் காளீஸ்வரிதான் விரட்டி விரட்டிப் பாஸ்போர்ட் எடுக்கவைத்தாள். கடை, வீடு, மறுபடி கடை என்று ஒரு மனிதன் எத்தனை காலம் இருப்பான் என்பது அவள் கவலை. எள்ளுப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், கூட வருகிறவர்களுக்குக் கொடுக்கக் கடலைமிட்டாய் என்று பெட்டியில் பாதியை அவளே அடைத்தாள். கடலில் இறங்காதீர்கள், காலை மட்டும் நனைத்துக்கொள்ளுங்கள் என்று ஸ்டேஷன்வரை சொல்லிக்கொண்டே போனாள். ஆகாசத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது அவளுக்குத் தோன்றவில்லை. நானே அனுப்பிவைத்தேனே என்கிற நினைப்பு இந்த ஐந்து நாளாக அவளை ஒரு வாய் சோறு தின்னவிடவில்லை.

தகவல் போனில் வந்தது. கூடப் போயிருந்த டீலர்களில் ஒருவரான கயத்தாறு நவநீதகிருஷ்ணன் கடைக்குப் பேசினார். எடுத்தது ராஜமணியின் அண்ணன் கடற்கரை. லைன் ஒரே இரைச்சல். "அண்ணாச்சி பிளேன்ல இருந்து குதிச்சாவ" என்பது தெளிவாகக் கேட்டது. நடுவில் என்னவோ அறுந்தது. "போயிட்டாவ" என்பது கேட்டது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அழுகை.

ஊருக்கு அது போதும். விமானக் கதவு உள்ளேயிருந்து திறக்குமா, திறந்தால் மற்றவர்கள் எப்படி விழாமல் இருந்தார்கள், பக்கத்து சீட்டுக்காரன் என்ன பார்த்துக்கொண்டிருந்தான் என்று, ஆகாயவிமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி என்கிற ஆட்களெல்லாம் டீக்கடையில் விவரமாகப் பேசினார்கள். மறுநாள் நவநீதகிருஷ்ணன் திரும்பவும் பேசினார். அது பாராசூட் கட்டிக்கொண்டு குதிக்கிற விளையாட்டு, முதுகோடு ஒரு வெள்ளைக்காரனைச் சேர்த்துக் கட்டித்தான் அனுப்புவார்கள், கம்பெனிதான் எல்லோரையும் கூட்டிப்போனது, அண்ணாச்சி போனது ஹார்ட் அட்டாக்கில் என்று பொறுமையாகச் சொன்னார். யாருக்கும் அது காதில் ஏறவில்லை. முதல் சொல் முந்திக்கொண்டது. கிணற்றில் விழுந்தவனைக்கூட ஹார்ட் அட்டாக் என்று சொல்லி எடுத்துப்போட்டுப் பழகிய ஊர் அது. கரிசல்காட்டில் ஒருவன் குதித்தான் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள், எந்தக் கிணறு என்றுதான் கேட்பார்கள்.

அதிலும் அது ராஜமணியின் வீடு. அவருடைய மகன் கிருஷ்ணகுமார் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்குத் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து செத்தவன். "மவன் கெணத்துல, அப்பன் ஆகாசத்துல" என்று யாரோ பஜாரில் சொன்னது சுற்றிச் சுற்றிக் காளீஸ்வரியின் காதுக்கே வந்து சேர்ந்தது.

மகன் போன நாளிலிருந்து, எட்டொன்பது வருஷமாக, அந்த வீட்டில் 'குதி' என்கிற சொல் கிடையாது. யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை, தானாக நின்றுபோயிற்று. மகள் முத்துசெல்வியைப் புதியம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தது. அவளுடைய பிள்ளைகள் லீவுக்கு வந்து கட்டிலில் ஏறி அமர்க்களம் பண்ணினால் ஆடாதீங்க என்பார்கள், தாவாதீங்க என்பார்கள், மற்றதைச் சொல்ல மாட்டார்கள். காளீஸ்வரிக்குக் குதிங்காலில் வலி வந்தபோது இன்னும் வேடிக்கை. டாக்டரிடம் போய், "பின்னங்கால் வலிக்குது சார்" என்றாள். மாட்டுக்கா உங்களுக்கா என்று டாக்டர் சிரித்தார். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ராஜமணி, "எதுன்னு தொட்டுக் காட்டிரு" என்றார். அவரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அவள் குனிந்து தொட்டுக் காட்டினாள். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் அதைப் பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

ஆனால் விளக்கை அணைத்த பிறகு என்றைக்காவது ஒருநாள் அவள் ஒன்றைக் கேட்பாள்.

"ஏங்க, போவும்போது பிள்ள பயந்திருப்பானா?"

கரண்ட் போனாலே அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவருகிற பையன். அந்தக் கடைசிக் கணத்தில் யாரைக் கூப்பிட்டானோ என்பதுதான் அவளுக்கு ஆறாத புண். ராஜமணி பதில் சொன்னதில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். சில நாள் அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்து அவளுக்குக் கோபம்கூட வந்திருக்கிறது.

அப்படித் தானாகத் தேடிச் செத்தவர்களை வீட்டுக்குள் ஏற்றக் கூடாது என்பது வழக்கம். கிருஷ்ணகுமாரைத் தெருவில் விளக்குக்கம்பத்துக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டுக் கிடத்தி, வீட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். சாத்தச் சொன்னவர் கடற்கரை. அண்ணன் பேச்சைத் தட்டிப் பழகாத ராஜமணி குனிந்த தலை நிமிராமல் சரி என்றார். காளீஸ்வரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். வெயில் பையனின் காலுக்கு வந்து, இடுப்புக்கு வந்து, முகத்துக்கு வந்தது. தவழ்ந்து நடந்து ஓடிய வீட்டில் அவனுக்கு ஒரு பாய் அளவு இடம் இல்லை. இன்றைக்கும் அதே தெரு, அதே கம்பம், அதே கடற்கரை. இவரையும் தெருவில் போடவிட மாட்டேன் என்று காளீஸ்வரி முடிவு செய்திருந்தாள். புருஷனுக்காக அவள் செய்ய மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

சோபாவை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கடற்கரைக்கு முன்னால் நின்று அவள் நேராகப் பேசியதில்லை. அவர் வந்தால் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

"அத்தான், அவிய உள்ளதான் வரணும்."

தெருவில் நாற்காலி விரித்துக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்ததை அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கடற்கரைக்கு அழுது அழுது இமை வீங்கியிருந்தது.

"எனக்கு மட்டும் ஆசையா காளீஸ்வரி? எந்தம்பிலா அவன். ஆனா ஊரு ஒண்ணு சொல்லுது, போன்ல ஒண்ணு சொல்லுதான். பேரப்பிள்ளைய பொழங்குத வீடு. நாளைக்கு அதுகளுக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லுதது?"

"எள்ளுப்பொடி கட்டிக்கிட்டுப் போனவிய சாவவா போயிருப்பாவ?"

கடற்கரை தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார். கடைசியில், நவநீதகிருஷ்ணன் சவப்பெட்டிகூடத்தான் வருகிறான், வந்ததும் எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிடுவோம், அதுவரைக்கும் பெஞ்சு வாசலிலேயே இருக்கட்டும் என்றார். பெஞ்சை உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் படிக்கட்டை ஒட்டிப் போட்டார்கள். ஆடிக்காற்று சாமியானாவைத் தூக்கித் தூக்கி அடித்தது. ஒருவர் மாற்றி ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பெட்டி திருவனந்தபுரத்தில் வந்து இறங்கி, நாகர்கோவில், திருநெல்வேலி வழியாக ஆம்புலன்சில் வந்தது. கயத்தாற்றில் தன் வீட்டு வாசலைத் தாண்டும்போதுகூட நவநீதகிருஷ்ணன் இறங்கவில்லை என்று டிரைவர் சொன்னான். பட்டாயாவில் வாங்கிய பூப்போட்ட சட்டையோடு, நாலு நாள் தாடியோடு அவர் வந்து நின்ற கோலத்தைப் பார்த்துச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. மாற்றுச் சட்டை எடுத்துப் போடக்கூட அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. பெட்டியை இறக்கி வாசல் பெஞ்சில் வைத்தார்கள். முகத்துக்கு நேராகச் சின்னதாக ஒரு கண்ணாடி இருந்தது. முத்துசெல்வி அப்பாவின் காலருகே விழுந்து அழுதாள். காளீஸ்வரி கண்ணாடிக்கு நேராகக் குனிந்தாள். ராஜமணிக்கு வலது வகிடு. அந்த ஊரில் யாரோ நல்ல மனதோடு தலை வாரிவிட்டு, இடது பக்கமாக வகிடு எடுத்திருந்தார்கள். கண்ணாடியைத் தாண்டிக் கை போகாது. அவள் கண்ணாடியின் மேலேயே விரலால் வலதுபக்கமாக ஒரு கோடு இழுத்தாள்.

கடற்கரை நவநீதகிருஷ்ணனின் கையைப் பிடித்துப் பெட்டிமேல் வைத்தார். "உள்ளதச் சொல்லு."

அவர் சொன்னார். பஸ்ஸில் போகும்போது பத்துப் பேரும் குதிப்போம் என்று கம்பெனிக்காரனிடம் பெயர் கொடுத்தார்களாம். மைதானத்துக்குப் போய் அந்தச் சின்ன விமானத்தைப் பார்த்ததும் பாதிப் பேருக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. மிச்சம் இருந்தவர்களை உரமூட்டையை நிறுப்பதுபோல நிறுத்து, உடுப்பு மாட்டி, ஆளுக்கொரு வெள்ளைக்காரனோடு சேர்த்துக் கட்டினார்கள். ராஜமணி நிச்சயமாக வர மாட்டார் என்று எல்லோரும் பந்தயம் கட்டியிருக்க, அவர்தான் முதல் ஆளாக எழுந்துபோய் நின்றார். குதித்தார். பாராசூட் விரிந்தது. அலுங்காமல் குலுங்காமல் புல்லில் வந்து உட்கார்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். இளநீர் குடித்தார், ஹோட்டலில் எள்ளுப்பொடி போட்டுச் சாப்பிட்டார். சாயங்காலம் கடலோரம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கூப்பிடும்போது திரும்பவில்லை. இது கடையில் இருந்திருந்தாலும் நடந்திருக்கும் என்று அங்கே டாக்டர் சொன்னார்.

"சத்தியமா அண்ணாச்சி. குதிச்சதுல சாவல. இருந்த எடத்துல போயிட்டாவ."

கடற்கரை பெட்டியின் மேல் குனிந்தார். பிறகு உட்கார்ந்த இடத்தில் போகிற சாவு நம் குடும்பத்தில் யாருக்கு வாய்த்தது என்று சொல்லிக்கொண்டே அழுதார். அதுவரை முந்தானையைக் கடித்துக்கொண்டு பாதி அழுகையாக அழுதுகொண்டிருந்த பெண்கள் இப்போதுதான் வாய்விட்டு அழுதார்கள். இது அழத்தக்க சாவு என்று தெரிந்துவிட்டது.

"தூக்குங்கலே உள்ள. ஹால்ல நடுவுல போடுங்க" என்றார் கடற்கரை.

காளீஸ்வரி கேட்டது கிடைத்துவிட்டது. அவள் கதவோரம் ஒதுங்கி வழிவிட்டாள். நவநீதகிருஷ்ணன் அவள் பக்கத்தில் வந்து தயங்கி நின்றார்.

"மதினி, அண்ணாச்சி ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னாவ. எனக்கு அது வெளங்கல. அவிய சொன்னபடியே சொல்லுதேன்."

விமானத்தில் கதவு திறப்பதற்கு முன்னால், கீழே போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று ராஜமணி அந்த வெள்ளைக்காரனிடம் திரும்பத் திரும்பக் கேட்டாராம். பாராசூட் விரிகிறவரை ஒரு நிமிஷம்கூட ஆகாது என்று அவன் சைகையில் காட்டியிருக்கிறான். ராஜமணி நவநீதகிருஷ்ணனிடம் திரும்பி, "கெணறு இம்புட்டு ஆழம் இருக்காதுல்லா" என்றாராம்.

"கீழ வந்த பொறவு எங்கையப் பிடிச்சுக்கிட்டாவ மதினி. 'கால வெளிய வைக்கிற மட்டுந்தான் பயம். பொறவு காத்துதான் இருக்கு, பயம் இல்ல. பிள்ள பயந்திருக்க மாட்டான். இத வீட்டுல சொல்லணும்'னாவ. உடனே போன் அடிச்சாவ, கெடைக்கல. சரி, நேர்ல போயிச் சொல்லிக்கிடுதேன்னுட்டாவ."

காளீஸ்வரி நிலையைப் பிடித்துக்கொண்டாள். முதுகோடு ஆளைக் கட்டிக்கொண்டு, பாராசூட்டும் மாட்டிக்கொண்டு குதித்தவருக்கும், ஒன்றுமில்லாமல் ஒத்தையாகப் போன பிள்ளைக்கும் ஒன்றாகிவிடுமா? ஆகாது. அது அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். அவள் ஆறட்டும் என்று சொல்லிப்பார்த்த பொய்யாகக்கூட இருக்கலாம். ஆனால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த மனிதர் ஒருநாளும் தூங்கியிருக்கவில்லை. அவள் கேட்டதை இத்தனை வருஷமும் சுமந்துகொண்டு இருந்திருக்கிறார். எங்கே போனால் பதில் கிடைக்கும் என்று தெரியாமல் கடைக்கும் வீட்டுக்கும் நடந்தவர், ஒரு கதவு திறந்ததும் முதல் ஆளாக எழுந்துவிட்டார். பாவி மனுஷன், இதை ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் நானே கேட்பதை நிறுத்தியிருப்பேனே என்று நினைத்தாள்.

பெட்டியோடு பெஞ்சைத் தூக்கிய ஆட்கள் நிலைப்படிக்கு வந்துவிட்டார்கள்.

"வேண்டாம். வெளியவே இருக்கட்டும்" என்றாள் காளீஸ்வரி.

அவர்கள் பாரத்தோடு நின்று கடற்கரையைப் பார்த்தார்கள்.

"என்ன காளீஸ்வரி இது, இப்பத்தான உள்ள வேணும்னு நின்ன?"

"பிள்ள கெடந்த எடத்துலயே போடுங்க அத்தான். அன்னைக்கு அவன் ஒத்தையிலலா கெடந்தான்."

அன்றைக்குச் சாத்தச் சொன்ன கதவும், அண்ணன் பேச்சுக்குத் தலையைக் குனிந்த தம்பியும் கடற்கரைக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். படியிறங்கிப் போனார். விளக்குக்கம்பத்துக்குப் பக்கத்தில் கிடந்த செருப்புகளைக் காலால் ஒதுக்கினார். பத்தாது என்று குனிந்து கையால் எடுத்துப் போட்டார். தோள் துண்டால் தரையின் புழுதியைத் தட்டினார். பெஞ்சு வந்ததும் ஒரு முனையைத் தானே பிடித்து இறக்கினார்.

பழக்கதோஷத்தில் யாரோ ஒரு பெண் வீட்டுக் கதவைச் சாத்தப் போனாள். திறந்தே இருக்கட்டும் என்று காளீஸ்வரி சொல்லிவிட்டாள். இரண்டு கதவும் அகலத் திறந்து கிடந்தன. தெருவிலிருந்து பார்த்தால் ஹால் முழுசாகத் தெரிந்தது. ஒதுக்கிவைத்த சோபாவும், துடைத்த தரையும், நடுவில் யாருக்கோ சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியும் தெரிந்தன.

மாலைகள் வந்தன. வந்தவர்கள் ஏன் வெளியே என்று கண்ணால் கேட்டார்கள். காளீஸ்வரி பெட்டியின் தலைமாட்டில் நின்றுகொண்டே இருந்தாள். வெயில் ஏறியது. கண்ணாடிமேல் வெயில் விழாமல் இப்படியும் அப்படியும் நகர்ந்து தன் நிழலை அங்கே வைத்துக்கொண்டாள். முத்துசெல்வி பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எவ்வளவு நேரம்மா நிப்ப? கால மாத்தி மாத்தி வைக்கியே. என்ன செய்யுது?"

"குதிங்கால் வலிக்குதுட்டி" என்றாள் காளீஸ்வரி.

முத்துசெல்வி நாற்காலியைக் கையில் பிடித்தபடியே அம்மாவைப் பார்த்தாள். பிறகு அதைத் தலைமாட்டை ஒட்டி, நிழல் விலகாத மாதிரி பார்த்துப் போட்டாள்.